இடது மூலை

இடைவேளை பதினைந்து நிமிடம்.
மெஷினை உள்ளே ஓட்டி
பனியின் மேல்தோலைச் சீவி
வெந்நீர் விட்டுத் திரும்ப வேண்டும்.
வெளியே அபுதாபி, நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஸ்வெட்டருக்குள்
என் முட்டிகள் தனியாக நடுங்கும்.

யார் எப்படி ஆடினார்கள் என்று
ஸ்கோர் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம்
எனக்குப் போய்விட்டது.
தளத்தில் கீறியிருக்கும்.

முன்வரிசைக்காரன் கீறல் நேராக ஓடும்,
கோலுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்று
பனியை வாரி இறைத்திருக்கும்.
சண்டைக்காரன் கீறல் பலகையோரம் குழி.
எர்லான் கீறல் வேறு.

கராகண்டாவிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன்,
இருபது வயது,
பின்னோக்கியே சறுக்கிச் சம்பளம் வாங்குகிறவன்.
இடது மூலையில், கோலுக்குச் சற்று முன்னால்
நகம் வெட்டிப் போட்டதுபோல
சின்னச் சின்னப் பிறைகள்.
பிறைகள் நெருங்கிக் கிடந்தால்
எதிராளி வழியில்லாமல்
சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.
அந்த இடத்தில் எனக்கு
பிளேடை இன்னும் ஒரு நூல் இறக்க வேண்டியிருக்கும்.

அவனைக் குவைத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.
பதிலுக்கு ஒரு கோல்காரன், முப்பத்தொரு வயது,
கூடவே கொஞ்சம் பணம்.

"நல்ல கச்சவடம்" என்றான் கேன்டீன் ஷம்சு.
மேனேஜர் காகிதத்தைக் காட்டினார்:
எர்லான் களத்தில் நின்றபோது
அடித்ததைவிட வாங்கியது ஏழு அதிகம்.
மைனஸ் ஏழு.
பக்கத்தில் நின்றவன் யார்,
எந்த வழுக்கலை மூட அனுப்பினார்கள்,
காகிதத்துக்கு அந்தக் கேள்வி இல்லை.
மார்ச் மாதத்து ஆட்டம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம்:
கடைசி நிமிடத்தில் முன்னேறிப் போய்
தட்டைத் தொலைத்து
திரும்பி ஓடி வந்தானே, அது.
அவன் திரும்பிய வேகம்
எனக்குத்தான் தெரியும்.
நடுக்கோட்டிலிருந்து கோல் வரை
இரண்டு விரல் ஆழம் இருந்தது,
வாளியில் ஈரப்பனி அள்ளி
நான் அடைத்தேன்.

கோல் அடிக்கிறவன் அடித்துக் காட்டுவான்.
தடுக்கிறவன் நடக்காததைக் காட்ட வேண்டும்.
அதற்கு நாலைந்து வருடம் ஆகும்.
இருபது வயதில் விற்றால்
மாவு புளிக்குமுன் தோசை ஊற்றி
கல்லைத் திட்டின மாதிரி.

என்னையும் ஒரு தடவை மாற்றிக்கொண்டார்கள்.
ஷார்ஜா மீன் குளிர்கிடங்கு கொடுத்தது என்னை,
வாங்கிக்கொண்டது
எலக்ட்ரீஷியன் இரண்டு பேர்.
ரிலீஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு
பன்னிரண்டு வருடம்.
யாருக்கு லாபம் என்று
இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.
எலக்ட்ரீஷியனில் ஒருவன் ஊருக்கே போய்விட்டானாம்.

செய்தி வந்தபோது
நான் எட்டாவது சுற்றில் இருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவன்
போனைக் காதில் வைத்தபடி
ஒரு காலின் ஷூவை மட்டும் கழற்றினான்.
மற்றதைக் கழற்றவில்லை.
பதினோராவது சுற்று முடித்து இறங்கினால்
லாக்கரில் பெயர்ப்பட்டை இல்லை,
பசை மட்டும் இருந்தது.

புதியவன் முதல் ராத்திரியே இரண்டு கோல்.
பொய் சொல்லக் கூடாது, அழகான கோல்கள்.
ஷம்சு எல்லோருக்கும் சுலைமானி கொடுத்தான்.
நானும் குடித்தேன்.

அன்றைக்கு இடது மூலையில்
எதிரணியின் நேர்க்கோடுகள் நான்கு,
தடுக்கப் படாமல்,
அளவுகோல் வைத்து இழுத்ததுபோல.
இரண்டு பேர் கோல்கம்பத்தில் அடித்து வெளியே போனது,
ஒன்று கீப்பரின் புண்ணியம்.
மூன்றுக்கு ஒன்று, ஜெயித்தோம்.

சீவின பனியை
கட்டடத்துக்குப் பின்னால் கொட்டுவேன்.
தார் மேல் விழுந்ததும் புகையும்.
பார்க்கிங் பூனைகள் ஓடி வரும்,
நக்கி முடிக்குமுன் தண்ணீர்.
ஒரு ஆட்டத்தின் மொத்தக் கணக்கும் அதில் இருக்கும்,
ஏழும் இரண்டும் மூன்றும்.

பிப்ரவரியில் குவைத் இங்கே வருகிறது.
அவர்கள் கோலும் அந்தப் பக்கம்தான் வரும்,
முதல் பாகத்தில்.
இடைவேளையில் நான் வலப்புறமிருந்து தொடங்குவேன்.
இடது மூலைக்குக் கடைசியாகப் போவேன்.
பதினைந்து நிமிடம்தான்.
கொஞ்சம் மெதுவாக ஓட்டினால்
மேனேஜர் விசில் அடிப்பார்,
அடிக்கட்டும்.